கொடிக்கம்பி

உச்சிவெயிலில் வானொலிக் கோபுரத்தின் நிழல் அதன் காலடியிலேயே சுருண்டு கிடக்கிறது. வேலியை ஒட்டிய வீட்டுக் கொல்லையில் அவள் ஈரத்துணி வாளியோடு நிற்கிறாள். கோபுரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் துருப்பிடித்தால் கம்பிகூடப் பேசும். துணிக்கொடி இரும்புக் கம்பத்தில் சுற்றியிருக்கும் இடத்தில் காதை வைத்தால், கொசு ரீங்கரிப்பதுபோல நிலையத்தின் குரல் கேட்கும். அங்கே அறிவிப்பாளனாக இருந்த அவள் கணவன் செத்து மாசக்கணக்காகியும், மணி சொல்ல அவன் பதிந்துவைத்த குரலை யாரும் மாற்றவில்லை. வீட்டு ரேடியோவை மாமியார் அன்றைக்கே துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டாள். அதனால் மத்தியானம் ஆனால் இவளுக்குத் துவைக்க ஏதாவது இருக்கும். காய்ந்த துண்டையே மறுபடி நனைத்து எடுத்துவருவதும் உண்டு. இன்று கொடி பளபளக்கிறது. கொழுந்தன் கட்டிங் பிளேயரைப் பின்பாக்கெட்டில் செருகிக்கொள்கிறான்.

"துணியெல்லாம் துருக்கறையாகுதுன்னு அம்மா சொல்லிட்டே இருந்தாங்க அண்ணி. கம்பத்தையும் சேர்த்து மாத்திட்டேன். இனி ஆயுசுக்கும் துருவே பிடிக்காது."

அவள் துண்டை உதறிப் போடுகிறாள். கம்பத்தில் காதைச் சாய்க்கிறாள். ஒன்றுமில்லை.

"காதுல என்ன அண்ணி?"

"தண்ணி போயிடுச்சு" என்று தலையைத் தட்டிக்கொள்கிறாள். பிறகு, "நல்லா இருக்கு தம்பி" என்று கிளிப்பை மாட்டுகிறாள். இந்நேரம் சுற்றியிருக்கும் ஊர்களில், சலூனிலும் ஒர்க்‌ஷாப்பிலும் பஸ் ஸ்டாண்டிலும், மணி பன்னிரண்டு என்கிறான் அவன். யாரோ ஒரு டிரைவர் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறார்.