நாங்க

நண்பன் வீட்டு விருந்தில் தம்பி நாக்கில் வைத்தது, போதை மருந்து தடவிய நகத்தளவு தாள்துண்டு. போதை மறுநாளே இறங்கிவிட்டது. ஒரு சொல் மட்டும் இறங்கவில்லை. "சாப்பிட்டியாடா?" என்று அக்கா கேட்டால், "நாங்க சாப்பிட்டோம்க்கா" என்பான்.

"நாங்கன்னா யாருடா? நீயும் உன் வாலுமா?"

தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான்.

மனநல மருத்துவர் மாத்திரை எழுதினார். "இனி போதை மருந்தைத் தொட்டா மறுபடி கிளம்பிடும்," என்றார். அக்கா தம்பியை நம்பவில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள். இரண்டாவதாக இந்தக் கழுதை வரும் என்றுதான் சம்பாதித்ததைக் கொட்டிப் படிக்க வைத்தாள். தினமும் மாத்திரை விழுங்கியதும் நாக்கைத் தூக்கச் சொல்லி, திருடனைச் சோதிப்பதுபோல் வாய்க்குள் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள்.

வாரங்கள் போயின. ஒரு காலையில் அவன், "நான் சாப்பிட்டேன்க்கா. காலேஜுக்குப் போறேன்," என்றான்.

நான்! அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. இருந்தாலும் சந்தேகம் விடவில்லை. "அவன் எங்கடா?"

"என்னை விட்டுப் போயிட்டான்க்கா." சொன்னவன் அவள் தோளுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டு, சட்டென்று குனிந்துகொண்டான்.

அவள் தனியாக நடந்து அலுவலகம் போய்ச் சேர்ந்தாள். பக்கத்து மேசைக்காரி கேட்டாள்: "பஸ்ஸே ஓடலையே, எப்படிடி வந்தே?"

"நாங்க நடந்தே வந்துட்டோம்," என்றாள் அக்கா.