நிற்கும் பக்கம்

மயக்க மருந்தில் சாய்ந்த குதிரை மின்மினியைச் சங்கிலியில் தூக்கி, மெத்தை போட்ட மேசையில் மல்லாக்கக் கிடத்தினார்கள். நான்கு கால்களும் கூரையைப் பார்த்து நின்றன. பச்சைத் துணியைப் போர்த்தியபின் மழித்த முன்முழங்கால்கள் இரண்டு மட்டுமே வெளியே தெரிந்தன. மயக்கத்தில் கிடக்கும் நேரம் கூடினால் குதிரை திரும்ப எழுந்து நிற்பதே சந்தேகம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். சேணம் பூட்டுவது, ஏறுவது, நடத்திப் போவது, குதிரைக்கு எல்லாமே இடப்பக்கம் நின்றுதான். ஆறு வருடமாக அவளைப் பராமரிக்கும் மரியசூசையின் கால்கள் அவரைக் கேட்காமலே, எப்போதும்போல் அவள் தலை தன் இடக்கைப் பக்கம் வரும்படி, வழக்கமான பக்கம் போய் நின்றன.

“இடது முழங்கால் இதுதானேண்ணே?” என்றார் டாக்டர்.

“ஆமாம்மா. நான் நிக்கிற பக்கந்தான்.”

பேனா நுழையும் அளவுக்கு இரண்டு துளைகள். ஒன்றில் கேமரா போனது. திரையில் மூட்டின் உட்புறம் தேங்காய்ப் பத்தைபோல் வெள்ளை வெளேரென்று, ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளத்தது. டாக்டர் கேமராவைத் திருப்பித் திருப்பித் தேடினார்.

“எக்ஸ்ரேயில அவ்ளோ பெரிய எலும்புத் துண்டு இருந்துச்சே. எங்க போச்சு?”

“மேடம், அம்பது நிமிஷம் ஆச்சு” என்றார் மயக்க மருந்துக்காரர்.

மரியசூசையின் புறங்கையில் ஏதோ உரசியது. குனிந்து பார்த்தார். மேசை விளிம்பில் மின்மினியின் பிடரிமயிர் தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் அவர் நிற்கும் பக்கம் அது விழுந்ததே இல்லை. இன்று காலையும் அவர்தான் சீவிவிட்டிருந்தார், தினமும் சீவுவதுபோல, வலப்பக்கமாக.