கழுத்துக்குக் கீழே

பிரியதர்ஷினியின் முகம் படத்தில் விழாதபடி ஸ்வீட்லின் செல்போனைக் கொஞ்சம் தாழ்த்தினாள்.

பாளையங்கோட்டையில் அந்த மாடி வீட்டின் முன்னறைக்குக் காலை வெயில் நேராக வரும். அப்படியே எடுத்தால் அரக்குச் சேலை ஆரஞ்சாகத் தெரியும். வாங்கியவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் ஜன்னலில் வெள்ளை வேட்டியைக் கட்டி, எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து வைத்திருந்தாள். வெளிச்சம் பாலாடை மாதிரி சேலையில் படிந்தது.

எப்போதும் சேலையைக் கொடியில் தொங்கவிட்டுத்தான் எடுப்பாள். இன்றைக்கு, "நான் உடுத்திக்கிட்டு நிக்கேன் மைனி" என்று பிரியாவே கேட்டாள். ஐந்து நாளாக அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கிறவள்.

ஐந்து நாளைக்கு முன்புதான் ஸ்வீட்லினின் தம்பி ஷிபின் அவளைப் பதிவுத் திருமணம் செய்து இங்கே கூட்டிவந்தான். அன்றிலிருந்து அவள் அப்பா ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஆள் சேர்த்துக்கொண்டு தேடுகிறார். வண்டியில் அரிவாள் இருக்கிறது என்று கேள்வி.

சேலை விற்கும் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டாள். அரைமணி நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து செய்தி வந்தது.

'சேலை வேண்டாம். உடுத்தியிருக்கது யாரு?'

ஸ்வீட்லின் படத்தைப் பெரிதாக்கி மூலைமூலையாகப் பார்த்தாள். முகம் இல்லை. மச்சம் இல்லை, தழும்பு இல்லை. பின்னால் வெறும் படுக்கை விரிப்பு.

படத்தை அழித்தாள். அதற்குள் நாற்பத்தோரு பேர் பார்த்திருந்தார்கள். நேரில் வாங்க வருகிறவர்களுக்காக, படத்தின் அடியில் வீட்டு முகவரியையும் வழக்கம்போல் போட்டிருந்தாள்.

வக்கீலைப் பார்க்கப் போன ஷிபின் போனை எடுக்கவில்லை. பிரியாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். தெருமுனையிலேயே அவர்கள் நின்றுகொண்டிருந்தால்?

பிரியாவைச் சமையலறைக்குள் அனுப்பிவிட்டுக் கதவுக்குச் சங்கிலி போட்டாள்.

மதியம் ஒன்றரைக்குக் கதவு தட்டப்பட்டது. பைய, இரண்டே தட்டு.

ஜன்னல் வேட்டியை விரலால் விலக்கிப் பார்த்தாள். வியர்த்து வழியும் முகத்தோடு ஒரு அம்மா நின்றாள். கையில் மஞ்சள் பை. பின்னால் யாருமில்லை. சங்கிலியை எடுக்காமல் கதவை நான்கு விரற்கடை திறந்தாள்.

"நான் இசக்கியம்மா. பிரியாவப் பெத்தவ. பக்கத்து வீட்டுப் பிள்ள போன்ல காட்டுச்சு, அந்தப் போன்லருந்து உங்ககிட்ட யாருன்னு கேக்கச் சொன்னதும் நான்தான். முகத்த வெட்டிட்டா எனக்குத் தெரியாதா? முந்தியச் சுண்டுவிரல்ல சுத்திக்கிட்டு நிக்காளே. அந்தப் படம் அவ அப்பா கண்ணுல இன்னும் படல. பொழுது அடையதுக்குள்ள ரெண்டு பேரையும் எங்கயாவது அனுப்பிருங்க."

உள்ளே ஏதோ ஒரு பாத்திரம் உருண்டது. பிறகு, வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம்.

ஸ்வீட்லின் சங்கிலியை விடுவித்தாள். கதவு நகரவில்லை. வெளியே இருந்து இசக்கியம்மாவின் கை இழுத்துப் பிடித்திருந்தது.

"திறக்காத தாயி. சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணச் சொல்லுவாவ, மவளப் பாத்தியான்னு. நான் பாக்கல."

பையை வாசலில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி அவள் படியிறங்கினாள்.