கோழி கொண்டுவந்த செப்புக்காசு

குப்பையைக் கிளறும்போது பெட்டைக்கோழிக்கு ஒரு பழைய செப்புக்காசு கிடைத்தது. வீட்டில் ஏழு குஞ்சுகளும் பசியில் கத்திக்கொண்டிருந்தன. பழங்காசு வாங்கி விற்கும் காக்கையின் கடைக்கு அதைக் கவ்விக்கொண்டு ஓடினாள்.

காக்கை ஒற்றைக் கண்ணால் பார்த்து, "ஒரே களிம்பும்மா. ஒரு பிடி நொய் தரேன்," என்றது.

களிம்புதானே குறை என்று கோழி வீட்டுக்குப் போய், புளியும் உப்பும் வைத்து அலகு நோகத் தேய்த்தாள். மறுநாள் தகதகவென்று மின்னிய காசைக் காக்கையிடம் நீட்டினாள்.

"அடடா, யாரும்மா தேய்க்கச் சொன்னது? களிம்பு போனா பழசுன்னு எவன் நம்புவான்? அரைப்பிடிதான்."

கோழிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "நேத்து களிம்பு இருந்தது குத்தம், இன்னிக்கு இல்லாதது குத்தமா? குஞ்சுங்க வயித்துல அடிக்கிறியே, நீ நல்லா இருப்பியா?"

"கத்தினா விலை ஏறாது. செல்லாக் காசு, இஷ்டமிருந்தா கொடு."

"செல்லாக் காசுதானே? கல்லையே அரைக்கிற வயிறு எனக்கு. இதையும் அரைக்கட்டும்."

கோழி காசை வாயில் போட்டு மூடிக்கொண்டாள். தொண்டை ஏறி இறங்கியது.

"ஐயையோ! மூணு மூட்டை அரிசி போச்சே!" என்று சந்தையே திரும்பிப் பார்க்கும்படி காக்கை அலறியது.

எதிர்க்கடை அணில் தலையை நீட்டியது. "அக்கா, காசு இன்னும் உள்ள போகலேன்னா, நான் ரெண்டரை மூட்டை தரட்டுமா?"

கோழி நாக்குக்கு அடியில் வைத்திருந்த காசை எடுத்து அணிலின் முன்னால் வைத்தாள்.

"அவன் வாயாலயே சொன்னது மூணு," என்றாள். "ஒரு படி குறைஞ்சாலும் நிஜமாவே முழுங்கிடுவேன்."