பாலாற்று மணலில் ஏழு புள்ளிகள்

ஏழு இடங்களையும் நடந்து பார்த்துவிட்டோம். ஆம்பூர் பாலாற்றில் மணலைத் தவிர ஒன்றுமே இல்லை.

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை இந்த மணலில் லாரிகளை நிறுத்திவைத்து, விமானத்திலிருந்து ரேடார் படம் எடுத்தார்கள். எத்தனை லாரி, எங்கே என்பது எங்கள் மேலதிகாரி துரைசாமி சாருக்கு மட்டும்தான் தெரியும். இரும்பு நிற்கிற இடம் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும். பூதக்கண்ணாடி வைத்து அதைக் கண்டுபிடித்துச் சொல்வது எழுபத்து நாலிலிருந்து, பதினோரு வருடமாக, பெங்களூர் ஆபீசில் என் வேலை.

இப்போது கிருஷ்ணராஜ் வந்துவிட்டான். குடியாத்தத்துத் தறிக்காரர் மகன். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

அவன் எழுதிய புரோகிராமைப் போட்டால் கம்ப்யூட்டரே புள்ளிகளைத் தேடிப் பிடித்துவிடுமாம். ஆளே வேண்டாமாம்.

துரைசாமி சார் அவன் தோளில் கை போட்டுப் பேசுவதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னை அவர் ஒரு நாளும் அப்படித் தொட்டதில்லை.

இந்தச் சோதனையில் அவன் ஜெயித்தால் என் மேஜை காலி.

நான் பத்துப் புள்ளிகளுக்கு வட்டம் போட்டேன். கம்ப்யூட்டர் பதினேழு என்றது. நிறுத்தியது பத்து லாரிதான்.

அந்த மிச்சம் ஏழைத்தான் நேரில் பார்க்க வந்திருந்தோம். ஏழும் தோல் பதனிடும் ஒரு டேனரியின் பின்சுவரை ஒட்டி இருந்தன.

"வெறும் மணலப் போய் லாரின்னுதேப்பா உன் மெஷினு" என்றார் துரைசாமி சார்.

கிருஷ்ணராஜ் குனிந்து மணலைக் கிளறிக்கொண்டிருந்தான். அழுதுவிடுவான் போலிருந்தது. எனக்குப் பாவமாகக்கூட இல்லை.

அப்போது டேனரியின் பின்கதவு திறந்தது. அங்கே தோல் காயவைக்கிற வேலை செய்யும் என் தங்கை ஆரோக்கியமேரி, முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தாள்.

"இன்னா அண்ணே, சொல்லாம வந்துட்ட? நீ சொன்ன மாதிரியே செவ்வாக்கெழம தோல் காயவைக்கிற இரும்புச் சட்டத்த எல்லாம் இங்கதான் கொண்டாந்து நிக்க வச்சோம். ரெண்டு ரெண்டா சாச்சி, ஏழு ஜோடி. போட்டோல விழுந்துச்சா?"



கிருஷ்ணராஜ் மடித்து வைத்திருந்த கம்ப்யூட்டர் தாளைப் பிரித்து எண்ணினான். ஏழும் இருந்தன. சுவரோரமாக, நான் தங்கைக்குச் சொன்ன அதே வரிசையில், ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

துரைசாமி சார் என் தோளில் கை வைத்தார். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக.