பதினேழாம் படி

"யாரு பார்த்த வேலை இது?"

மாதா கோயில் நூலகத்துச் சிஸ்டர் கத்தினார். அலமாரியில் இருந்த பன்னிரண்டு பிரதிகளில் ஒன்பதில் ஒரு தாளைக் காணோம். ஒன்பதிலும் அதே தாள்.

'நல்ல மனைவிக்கு நாற்பது படிகள்.' கல்யாணம் நிச்சயமான பெண்கள் கட்டாயம் படிக்க வேண்டும் என்று பங்குச் சாமியாரே பரிந்துரைத்த புத்தகம். எழுதியவர் ஓய்வுபெற்ற டீச்சர், தாய்மார் சங்கத் தலைவி. இருபது வருஷமாக அந்தக் கோயிலைச் சேர்ந்த மணப்பெண்கள் அதைப் படித்துவிட்டுத்தான் பீடத்தின் முன் நின்றார்கள்.

சிஸ்டருக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் கிராப்புக்காரிதான்!

தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குப் போகும் பெண். அடுத்த மாசம் கல்யாணம். போன வாரக் கல்யாண ஆயத்த வகுப்பில் எழுந்து நின்று, "ஆம்பளைங்களுக்கு எத்தனை படி சிஸ்டர்?" என்று கேட்டு, எல்லாரையும் சிரிக்க வைத்தவள்.

கூப்பிட்டனுப்பினார். வந்தாள். டீச்சரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, பிடிக்கலைன்னா படிக்காம இரு. பொதுப் புத்தகத்தை இப்படிக் கிழிப்பியா?"

"நான் கிழிக்கலை சிஸ்டர். கிழிக்கிறதா இருந்தா ஒரு தாளோட ஏன் நிறுத்தறேன்?"

"வாயைப் பாரு! ஒழுங்கா ஒத்துக்கற வரைக்கும் வகுப்பு முடிச்ச சர்டிஃபிகேட் கிடையாது. அது இல்லாம எப்படிக் கல்யாணம் நடக்குதுன்னு பார்க்கறேன்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. விறுவிறுவென்று வெளியேறிவிட்டாள்.

"விடுங்க சிஸ்டர், சின்னப் பொண்ணு" என்றார் டீச்சர்.

'எவ்வளவு பெரிய மனசு!' சிஸ்டர் உருகிப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை. பூசை பாதியில் இருக்கும்போது, மறந்துவைத்த கண்ணாடியை எடுக்க சிஸ்டர் நூலகத்துக்கு வந்தார். கதவு திறந்திருந்தது.

சர்ரக்!

அலமாரி முன்னால் டீச்சர். ஒரு கையில் அவர் எழுதிய புத்தகம். இன்னொரு கையில் கிழித்த தாள்.

"டீச்சர்! நீங்களா?"

டீச்சர் ஒளிக்கவில்லை. தாளை நீட்டினார். சிஸ்டர் வாங்கிப் படித்தார்.

'பதினேழாம் படி: கணவன் கை நீட்டினாலும் பிறந்த வீட்டில் வாய் திறவாதே. வீட்டு விஷயம் வாசல் தாண்டக் கூடாது.'

"இதுல என்ன தப்புன்னு..." ஆரம்பித்த சிஸ்டர், டீச்சரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"இது வேண்டாம்னா சாமியார்கிட்ட சொல்லி நிறுத்தியிருக்கலாமே? அந்தப் பொண்ணை நான் திட்டினப்போகூட வாயைத் திறக்கலையே நீங்க!"

"சொன்னா ஏன்னு கேப்பாங்க சிஸ்டர். பதில் சொல்ல எனக்குத் தைரியம் வரலை. பாவி, அவ மேல பழி விழறதைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். இன்னிக்குப் பூசை முடிஞ்சதும் சாமியார்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன். அந்தப் பொண்ணு கால்ல வேணும்னாலும் விழறேன்."

"அப்படி என்னதான் நடந்தது டீச்சர்?"

டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"போன மாசம் ஆஸ்பத்திரியிலேர்ந்து போன். போய்ப் பார்த்தா, என் மக தலை முழுக்கக் கட்டோட கிடக்கறா. ஒரு காது இனிமே கேக்காதாம். நாலு வருஷமா அடிச்சிருக்கான் சிஸ்டர். வாராவாரம் என்கிட்ட போன்ல பேசினவ, ஒரு வார்த்தை சொல்லலை. 'ஏன்டி, பெத்தவகிட்டகூடவா மறைப்பே?'ன்னு கதறினேன்."

"என்ன சொன்னா?"

"'நீங்கதானேம்மா சொல்லக் கூடாதுன்னு எழுதியிருந்தீங்க'ன்னா."