முந்தானை வெளிச்சம்

நிச்சயதார்த்தப் புடவையில் உட்கார்ந்திருந்த பூங்கோதையின் தலைக்கு நேர் மேலே விளக்கு எரிந்தது. கண்கள் குழி விழுந்து தெரிந்தன. மூக்கடியில் நிழல் கருகருவென்று படிந்திருந்தது. "மாப்பிள்ளையைவிட உனக்குத்தான்டி மீசை அடர்த்தி" என்று சித்தி மகள் சிரித்தாள். நிழலைப் போக்க முகத்துக்குக் கீழே பிடிக்கும் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் போட்டோகிராபர் தேவசகாயம் பஸ்ஸிலேயே விட்டுவிட்டார். வெள்ளையாக ஏதாவது கிடைக்குமா என்று சுற்றிலும் பார்த்தார். கூடம் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகப் பட்டு. சமையலறைக் கதவுக்குப் பின்னால் மட்டும் ஒரு வெள்ளைப் புடவை நின்றது. தாயில்லாத பூங்கோதையை வளர்த்த அத்தை ராமாத்தாள். கணவர் போன பிறகு எந்த நல்ல காரியத்திலும் அவள் கூடத்துக்கு வந்ததில்லை. காலையிலிருந்து பூங்கோதை கெஞ்சியும் வரவில்லை.

"அம்மா, இப்படி வாங்க. உங்க முந்தானைதான் வேணும்."

"நானெல்லாம் முன்னாடி வரக்கூடாதுங்க தம்பி."

"நீங்க வராட்டி புள்ளை மீசையோடதாங்க போட்டோவுல இருக்கும்."

கூடமே சிரித்தது. பூங்கோதையின் அப்பா, "போக்கா" என்றார். ராமாத்தாள் தயங்கி வந்து, பெண்ணின் எதிரே மண்டியிட்டு, சாமியிடம் வரம் கேட்பவளைப் போல முந்தானையை ஏந்தினாள். மேலிருந்து விழுந்த வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, பூங்கோதையின் முகத்துக்கு ஏறியது. மீசை மறைந்தது. கண்கள் துலங்கின.

"ஆச்சுங்கம்மா" என்று தேவசகாயம் கேமராவை இறக்கினார். அத்தை எழப் பார்த்தாள். முந்தானையின் ஒரு முனை பூங்கோதையின் கைக்குள் இருந்தது.

"இன்னொண்ணு எடுங்கண்ணா. கொஞ்சம் தள்ளி நின்னு, அத்தையும் தெரியற மாதிரி."

தேவசகாயம் யாரையும் கேட்காமல் பின்னால் நகர்ந்தார்.